இயந்திரக்காரி செய்தது தப்பு

"போதும்" என்றார் கணவர். அவள் ஒரு பக்கத்தைக்கூட முழுதாக வாசித்து முடிக்கவில்லை.

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சலிப்பா, வலியா, தாகமா, ஒன்றும் பிடிபடவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் பேச்சும் போனபோது, அவர் வாயில் மிஞ்சிய ஒரே சொல் இதுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கும் போதும், தம்பி வந்து நின்றால் வாடா என்பதற்கும் அதே போதும். அடுத்தவர் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, அதில் சந்தேகமே இல்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருக்கிற சொற்களுக்குத்தான் வெளியே வர வழி தெரியவில்லையாம். தெருமுனை சிக்னல் விளக்குகளைப் பழுது பார்க்கிற மனிதருக்கு இப்படி ஒரு பழுது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் போன முறை அவளைத் தனியாக நிறுத்தி வைத்துப் பேசினாள். "அம்மா, சாருக்குப் பேசணும்னு ஆசையே வர மாட்டேங்குது. கோப்பை, சீப்பு, சாவின்னு எந்தப் படத்தைக் காட்டினாலும் மூஞ்சியத் திருப்பிக்கிறார். வரிசையில நிறைய பேர் காத்திருக்காங்க. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா அவர் இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்கச் சொல்லிடுவாங்க. வீட்டில எதைப் பத்திப் பேசினா அவருக்கு சூடு ஏறும்? அதைக் கண்டுபிடிங்க."

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள். கல்யாணமான புதிதில் துணிமணிக்கு முன்னால் அவைதான் அந்த வீட்டுக்குள் வந்து இறங்கின. சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவர் ஆரம்பித்துவிடுவார். "சண்டைக் கதை வயித்துக்கு, விஞ்ஞானக் கதை மண்டைக்கு. ஆனா ரெண்டையும் ஒரே ஆள் ஒழுங்கா வரைஞ்சுட்டான்னு வை, அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம்." அவள் 'ம்' என்பாள். அவள் மனசு அப்போது அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கும். மறுநாள் தேய்த்துப் பொருத்த வேண்டிய லென்சுகளை எண்ணிக்கொண்டிருக்கும். தப்பித் தவறி வாயைத் திறந்தால், "ஒருத்தன் மலையையே உடைக்கிறான், அவன் தலைமுடி மட்டும் கலையவே கலையாது, அது எப்படிங்க?" என்பாள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சோறு ஆறிப்போகும்.

அந்த ஆறின சோற்றுக்காக இப்போது அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள்.

ஆகவே கடை விட்டு வந்ததும், தேய்ந்து போன அட்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள். கடலுக்கு அடியில் ஒரு நகரம். அதன் சுவரில் விரிசல் விட்டால் அடைப்பதற்கென்றே செய்து வைத்த ஓர் இயந்திரப் பெண். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் பேசுகிற தினுசுதான் விசித்திரம். "அவர் செத்து ரொம்ப நாளாச்சு" என்கிறாள் ஒருத்தி. பக்கத்துக் கட்டத்தில், "உங்கப்பா சௌக்கியமா?" என்று கேட்கிறான் ஒருவன். முதலில் குழம்பினாலும், பிறகு அவளே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டாள். எதிர்காலத்து மனிதர்கள் இல்லையா, எதிராளி கேட்கப்போவது முன்னாலேயே தெரிந்துவிடும் போலிருக்கிறது. கேட்கும் முன்பே பதில் சொல்கிறார்கள். அதுதான் விஞ்ஞானம்.

இந்த அபிப்பிராயத்தைக் கணவரிடமும் சொன்னாள். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்து, "போதும், போதும்" என்றார். பாவம், களைத்துவிட்டார் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். தினமும் இதே கதை. பயிற்சி நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாளன்று கொழுந்தன் வந்தான். அண்ணனிடமிருந்து மங்கா பைத்தியம் தொற்றியவன். கதவோரம் நின்று அவள் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"அண்ணி, எந்தப் பக்கமிருந்து படிக்கிறீங்க?"

"ஏன், புஸ்தகத்தைச் சரியாத்தானே பிடிச்சிருக்கேன்? பின்னட்டைல இருந்து திறக்கணும்னு எனக்கும் தெரியும், எத்தனை வருஷமா இந்த மனுஷனைப் பார்க்கிறேன்."

"பக்கம் சரிதான். கட்டம்? கட்டத்தையும் வலது பக்கத்துல இருந்துதான் படிக்கணும். நீங்க இடது கட்டத்துல ஆரம்பிச்சு எல்லாரையும் முன்னபின்ன பேச வச்சிருக்கீங்க. எங்கண்ணனை இப்படியா சித்திரவதை பண்ணுவீங்க?"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். வலது கட்டம்: "உங்கப்பா சௌக்கியமா?" இடது கட்டம்: "அவர் செத்து ரொம்ப நாளாச்சு." எதிர்காலம், விஞ்ஞானம், எல்லாம் பொசுக்கென்று போயிற்று. நிமிர்ந்தால், தலையணையில் சாய்ந்திருந்த கணவரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணினாலும் அது சிரிப்புதான்.

"போதும்!" என்றார். அப்பாடா என்று கேட்டது.

"இத்தனை நாளா இதைத்தான் சொல்லிட்டிருந்தீங்களா? நான் களைப்புன்னு நினைச்சு விளக்கை வேற அணைச்சுட்டுப் போனேனே!"

அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லை அவள் வேறு காதால் கேட்டாள். இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் வேறொன்று. கதையை முதலிலிருந்து, வலது பக்கத்திலிருந்து, வாசித்தாள். கடைசியில் பெரிய விரிசல் விடுகிறது. நகரமே படகேறித் தப்புகிறது. இயந்திரப் பெண் மட்டும் முதுகைச் சுவருக்குக் கொடுத்து நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை.

புத்தகத்தை மூடியபோது அவளுக்குக் கோபமாக வந்தது.

"இது தப்புங்க. எல்லாரும் ஏறினதுக்கு அப்புறமும் எதுக்கு நிக்கிறா? படகுல இடமா இல்ல? யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்த்து, நீயும் வாம்மான்னு கூப்பிட்டாங்களா? இதைப் போய் தியாகம்னு வரைஞ்சு வச்சிருக்கான்."

"போதும்" என்றார் அவர், வெட்டி. இல்லை என்று அர்த்தம். அவள் மேலே பேசினாள். அவர் மேலும் வெட்டினார். அன்று இருவருக்குமே சோறு ஆறியது.

பயிற்சி நாளன்று அவள் அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். பயிற்சிப் பெண் வழக்கம்போலப் படங்களை மேசையில் பரப்பினாள். கோப்பை. சீப்பு. அவர் ஜன்னலைப் பார்த்தார். பயிற்சிப் பெண் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரிந்தது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"காமிக்ஸா? அம்மா, இது சின்னப் பிள்ளைங்க..."

"இருங்க. நான் சொல்றேன், அந்த இயந்திரக்காரி செஞ்சது தப்பு. யாரும் கூப்பிடலை, ரோஷத்துல நின்னுட்டா. இவர் இல்லைங்கிறார். எங்க, இல்லைன்னு காட்டச் சொல்லுங்க."

அவர் திரும்பினார். இடது கையால் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். அது நழுவியது. தாவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கங்களைத் தள்ளினார். அவள் உதவப்போனாள், முழங்கையால் விலக்கினார். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போனார். படகைத் தாண்டி, விரிசலைத் தாண்டி, அவள் அவசரமாக வாசித்துக் கடந்திருந்த பக்கங்களுக்குள் எதையோ தேடினார். உதடுகள் அசைந்தன, குவிந்தன, பிரிந்தன. சத்தம் வரவில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததிலிருந்து அந்தப் பழைய சொல்லும் வரவில்லை என்பதை இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள்.

கதவு திறந்தது. அடுத்த முறைக்காரர், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், நேரமாகிவிட்டது என்பதுபோலத் தலையை நீட்டினார். பயிற்சிப் பெண் எழுந்தாள்.

கணவர் நிமிராமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். சிக்னல் பழுது பார்க்கையில் நடுச்சாலையில் வண்டிகளை நிறுத்துகிற கை. எல்லோரும் நின்றார்கள். கையை இறக்கி, எச்சில் தொட்டு, அடுத்த பக்கத்தைத் தள்ளினார். பயிற்சிப் பெண் மெல்ல உட்கார்ந்தாள். கைத்தடிப் பெரியவர் இரண்டடி உள்ளே வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, என்ன புத்தகம் என்று குனிந்து பார்த்தார்.