இடது பக்கத்து இருக்கை

அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தம்பி அதை என் பக்கம் தள்ளிவிட்டான்.

"நீதான்க்கா வாய்க்காரி. நீயே எழுதிடு."

"பேசாத மனுஷனைப் பத்தி என்னத்தடா எழுதறது? இருந்தார், போனார், அவ்வளவுதான்" என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் விழட்டும் என்றேதான் சொன்னேன். அப்பா போய் இருபது நாள் ஆகியிருந்தது.

ஊரே மெச்சும் மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. பதினாறு வருஷம் பட்டாளம். அதன்பின் இருபத்து மூன்று வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். தினமும் விடிவதற்குள் எல்லோருடைய செருப்பையும் துடைத்து, காலை நுழைத்ததும் கிளம்பும்படி வாசலைப் பார்த்து வைத்திருப்பார். தம்பிக்கு டைபாய்டு வந்தபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். எங்களை ஒருநாளும் அதட்டியதில்லை. மாமா அவரை "ஊமைக்கோட்டான்" என்று கேலி செய்வார். அதற்கும் ஒரு சிரிப்புதான். வேன் ஓட்டும்போது சுத்தமாகப் பேச்சே கிடையாது. அது பட்டாளத்து ஒழுங்கு என்று தம்பி பெருமையடித்துக்கொள்வான்.

எனக்கு அவர்மேல் இருந்தது வேறு கணக்கு.

கல்யாணமான ஏழாவது மாதம், இரண்டு நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு, அதே வேனில் புருஷன் வீட்டுக்குத் திரும்பினேன். அப்பா ஓட்டினார். நான் அவருக்கு இடது பக்கத்து இருக்கையில். பாதி வழி போயிருந்தோம். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, என்னால அங்க இருக்க முடியலப்பா. அவர் கை நீட்டறார். வண்டியத் திருப்புங்க."

டீசல் இன்ஜின் இரைந்துகொண்டே இருந்தது. அப்பா கியரை மாற்றினார். வண்டி நேராகப் போனது. அந்த வீட்டு வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்தார், தலையைத் தடவினார், போய்விட்டார். அதுதான் அவர் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து நானாகவே வந்து கதவைத் தட்டினேன். அம்மா காரணம் கேட்டாள். "ஒத்துவரலை" என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். இதை அன்றைக்கே செய்திருக்கக்கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது. அதன்பின் பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் "சாப்பிட்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" என்பதைத் தாண்டி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தேதிகளுக்காக அவருடைய ராணுவப் பணிப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் மருத்துவக் குறிப்பு இருந்தது. குண்டுவெடிப்பில் இடது செவிப்பறை கிழிந்தது. இடது காதில் கேட்கும் திறன் முற்றிலும் இல்லை. நான் பிறப்பதற்கு முந்தைய தேதி.

"அம்மா, அப்பாவுக்கு இடது காது கேக்காதா?"

அம்மாவின் கை நின்றது. "என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கியிருந்தாரு. வெளிய தெரிஞ்சா வேன் வேலை போயிடும். உன்கிட்ட சொன்னா நாலு தெருவுக்குத் தெரிஞ்ச மாதிரி. ஓட்டைவாய்."

"ஓட்டறத விட்ட பிறகாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் சொன்னேன். இத்தனை வருஷம் ஏமாத்திட்டேன்னு புள்ளைங்க நினைக்கும்னுட்டாரு. கண்ணாடியில ஒரு கண்ணு, ரோட்டுல ஒரு கண்ணு வெச்சே ஓட்டினாரு. ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் பட்டதில்லை."

சாப்பிடும்போது இடப்பக்கம் சுவர் இருக்கும்படி உட்காருவார். நடக்கும்போது எங்களை வலப்பக்கம் விட்டுக்கொள்வார். வேனில் மட்டும் அவரால் இடம் மாற முடியவில்லை. பட்டாளத்து ஒழுங்காம், ஒழுங்கு!

"ஒரே ஒரு நாள்தான் அந்தக் காதுக்காக மனுஷன் அழுதாரு" என்றாள் அம்மா. "கல்யாணமான புதுசுல உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாரே, அன்னைக்கு. 'புள்ள ஏதோ சொன்னா. கண்ணத் தொடைச்சத மட்டும் பாத்தேன். திருப்பிக் கேட்டா காது விஷயம் தெரிஞ்சிடும். நீ போன் போட்டுக் கேளு'ன்னாரு. நானும் கேட்டேன். நீதான் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போனை வை'ன்னு எரிஞ்சு விழுந்தே. சொன்னா அவர் நம்பல. ஒரு வாரம் தூங்கல."

அந்த போன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்குப் புத்தி சொல்ல அம்மாவை ஏவிவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வீம்பில்தான் அப்படிக் கத்தினேன். வாய்க்காரியாம் நான்! வாய் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் வீம்பு பிடித்து, பழியைத் தூக்கி அந்த மனிதர் தலையில் போட்டேன். பாவி நான். யாரையாவது திட்டினால் தேவலை போலிருந்தது. திட்ட ஆளே இல்லை.

"ஆமா, அன்னைக்கு அப்படி என்னதான்டி சொன்னே?"

மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா என்னையே பார்த்தாள். எழுபத்திரண்டு வயது. அவள் கண்ணில் பயம் தெரிந்தது. சத்தியத்தைக் காப்பாற்றியவள் அவள். நான் உண்மையைச் சொன்னால் அந்த ஒன்பது வருஷமும் அவள் தலையில் வந்து இறங்கும்.

"வண்டி ஆட்டத்துல தலைவலிக்குதுன்னு சொன்னேம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா பெருமூச்சு விட்டாள். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துக்கு எதிரே போய் நின்றாள்.

"கேட்டீங்களா? தலைவலியாம். அதுக்குப் போய் ஒரு வாரம் தூங்காம கெடந்தீங்களே."