ஆதம்ஸ் முதலில் எழுதட்டும்

அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜோன் ஆதம்ஸ், விடியற்காலை வெலிமடை பஸ்ஸில் ஏறிப் போனதை ஜெஸ்டின் மாஸ்டர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

ஏறிப் போனவர் உண்மையில் சிவஞானம். தேயிலைத் தோட்டத்தில் மலை மேலிருக்கிற பிரிவான மேல்கணக்கின் லயத்து வீட்டுக்காரர்; தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர்; கீழ்க்கணக்கில் இருக்கிற மாஸ்டருக்குச் சட்டை போடாத வயதிலிருந்து சிநேகிதர். அன்றைக்குப் பிரதேச சபையில் மாஸ்டர் உறுப்பினராகச் சத்தியப்பிரமாணம் எடுக்கிற நாள். தேர்தலில் தோற்ற சிவஞானம் அந்தக் கண்றாவியைப் பார்க்கச் சகியாமல், வெலிமடையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆதம்ஸும் அப்படித்தான். தன்னைத் தோற்கடித்த ஜெபர்சன் பதவியேற்கிற அன்று, பொழுது விடியுமுன்னே வண்டியேறி ஊரைவிட்டுப் போய்விட்டார். ஹாலிஎல டவுனில் சரித்திர டியூஷன் நடத்துகிற மனிதருக்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவன் ஆதம்ஸ் என்றால் நான் ஜெபர்சன். மாலையும் கழுத்துமாகச் சபைக்குள் நுழைந்தபோது மாஸ்டருக்குத் தாம் கொஞ்சம் உயரமாகிவிட்டது போலக்கூட இருந்தது.

இந்த அமெரிக்கக் கதைகளையெல்லாம் சிவஞானத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரே மாஸ்டர்தான். ஒரே சங்கத்தில் இருந்த காலம் அது. மாஸ்டர் பேச்சை எழுதுவார்; சிவஞானம் மேடையில் முழங்குவார். முடிந்ததும் மொஹிதீன் நானா கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே கதை நடக்கும்.

“வாஷிங்டன் என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா மச்சான்? கட்சி கட்டிக்கிட்டு அடிச்சுக்காதீங்க, நாடு உருப்படாதுன்னாரு.”

“சொல்லிட்டு?”

“வீட்டுக்குப் போயிட்டாரு.”

“அதுக்கப்புறம்?”

“அவரு கூட இருந்தவங்களே ரெண்டு கட்சியா நின்னாங்க.”

“அட! நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்களே” என்று சிவஞானம் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

சிரித்த வாய் மூடுமுன் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. சங்கத்துக்கு ஒரே ஓர் இடம். ஆசை மட்டும் இரண்டு பேருக்கு. தலைமைப்பீடம் சிவஞானத்தைக் குடைச் சின்னத்தில் நிறுத்தியது. கட்சி கட்டக்கூடாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய மாஸ்டர், ஒரு வாரத்துக்குள் தோட்டத்தில் மணிச் சின்னத்துக்குக் கிளை திறந்தார். வென்றும் விட்டார். அவருடைய பதவிக்காலச் சாதனையாக ஒரு பஸ் தரிப்பிடம் இன்றும் நிற்கிறது. பஸ்தான் அங்கே நிற்பதில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்தில் எல்லாமே இரண்டானது. மாரியம்மன் திருவிழா இரண்டு, மைக்செட் இரண்டு. கடைசியில் மரண உதவிச் சங்கமும் இரண்டு. சாவு விழுந்தால் லயத்துக்கொரு ஆள் மண்வெட்டியோடு குழி வெட்டப் போவதும், எல்லாரும் சேர்ந்து பந்தல் கட்டுவதும் அதுவரைக்கும் இருந்த வழக்கம். இனிமேல் குடைக்காரன் செத்தால் குடைக்காரன் வெட்டுவான், மணிக்காரன் செத்தால் மணிக்காரன் வெட்டுவான் என்று ஆனது. நாற்காலிகளைச் சமமாகப் பிரித்தார்கள். பந்தலை எப்படிப் பிரிப்பது? அரைநாள் சண்டைக்குப் பிறகு ஒரு தீர்ப்பு வந்தது: தார்ப்பாய் குடைக்கு, கம்புகள் மணிக்கு. கம்பு வாங்குவதாகக் குடையும், தார்ப்பாய் வாங்குவதாக மணியும் அன்றே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றின. இன்றுவரை இரண்டும் வாங்கப்படவில்லை. குடைக்காரர் தார்ப்பாயை லயத்துக் கூரையில் இழுத்துக் கட்டிச் சமாளித்தார்கள். மணிக்காரர் வெயிலில் காய்ந்தார்கள். கொள்கை என்று வந்துவிட்டால் கஷ்டப்படத்தானே வேண்டும்.

மாஸ்டரும் சிவஞானமும் ஏழு வருஷம் பேசவில்லை. பேச ஆசையில்லாமல் அல்ல. மாஸ்டருக்கு மீதிக் கதையும் தெரியும். ஆதம்ஸும் ஜெபர்சனும் பதினொரு வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். பிறகு ஒரு புதுவருஷத்தன்று ஆதம்ஸ் ஒரு கடிதம் போட்டார். அதோடு பழையபடி ஒட்டிக்கொண்டு, பதினான்கு வருஷம் எழுதித் தள்ளிவிட்டு ஒரே நாளில் செத்தார்கள். ஆக, நேரம் கிடக்கிறது. ஒரே ஒரு நிபந்தனைதான்: முதலில் எழுத வேண்டியது ஆதம்ஸ்.

மார்கழியில் சிவஞானத்துக்கு நெஞ்சு வருத்தம் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாஸ்டரின் மனைவி செசிலிக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு எட்டு மேல போயி பாத்துட்டு வாங்களேன். கால் தேஞ்சா போயிரும்?”

“நான் போறதில ஒன்னுமில்ல செசிலி. சரித்திரப்படி மொதல்ல...”

“சரித்திரத்துக்குக் கஞ்சி வச்சுக் குடுக்கிறது யாரு? நானா, அந்த வெள்ளக்காரனா?”

“அவனா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். ஓடிப் போயிருவேன்.”

“மொடாக்குள்ள தலையை விட்ட ஆடு மாதிரி, எடுக்கவும் தெரியல, ஒடைக்கவும் தெரியல” என்று செசிலி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி முதலாம் திகதி. மாதா கோயிலில் அதிகாலைப் பூசை முடிந்து வந்த மாஸ்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆதம்ஸ் எழுதியதும் இதே நாளில்தானே. போன் நாள் முழுக்க அலறியது. ரோஜாப்பூ வந்தது, புறா வந்தது, மெழுகுவர்த்தி வந்தது. பத்து வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருவரின் நம்பரிலிருந்துகூட அவர் மகன் வாழ்த்து அனுப்பியிருந்தான். மேல்கணக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. பொழுது சாய்ந்தபின், “மச்சான் எப்படி இருக்கிற” என்று மாஸ்டர் தட்டினார். அனுப்பவில்லை. ஜெபர்சன் அப்படிச் செய்யவில்லை.

தைப்பொங்கலுக்கு முன்தினம், அடைமழைக்குள், மேல்கணக்கு ஒலிபெருக்கியில் சிவஞானத்தின் பெயர் கேட்டது. முன்னால் ‘அமரர்’ என்று சேர்த்துச் சொன்னார்கள்.

மாஸ்டர் செருப்பை மாட்டினார். நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும். கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும். இனி யாரும் எழுத வேண்டியதில்லை, யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. வழி இப்போது தாராளமாகத் திறந்து கிடந்தது.

அவர் நேரே மணிச் சங்கத்தின் கொட்டிலுக்குப் போனார். செயலாளர் சதீஸ்குமார் அங்கே இருந்தான்.

“கம்புகளக் குடு தம்பி. மேல கொண்டு போகணும். மழை ஊத்துது.”

“அது எப்புடிங்க மாஸ்டர்? கமிட்டி கூடணும், தீர்மானம் போடணும். நீங்க எழுதின சங்க யாப்புச் சட்டம்தானே. மாத்துக் கட்சி சாவுக்குச் சங்கத்துப் பொருள் குடுக்க ஏலாதுன்னு ஏழாவது பிரிவுல இருக்கு.”

இருந்தது. அந்த ஏழாவது பிரிவை எழுதிவிட்டு, நடை நன்றாக விழுந்திருக்கிறது என்று மாஸ்டர் அன்றைக்கு இரண்டு முறை வாசித்துப் பார்த்ததும் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சதீஸ்குமாரைத் தாண்டி உள்ளே போனார். பந்தலின் நடுவில் நிறுத்துகிற நெடிய கம்பை உருவித் தோளில் வைத்தார். மீதியைத் தூக்க ஆளில்லை. தேயிலைக்கு நடுவே போகிற ஏற்றப் பாதையில், கம்பு முன்னும் பின்னும் ஆட, மூச்சு வாங்க வாங்க ஏறினார்.

மேல்கணக்கு லயத்து வாசலில் சிவஞானத்தைக் குடைக்கொடி போர்த்திப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மேலே தார்ப்பாய், ஒரு பக்கம் கூரையிலும் மறுபக்கம் கொய்யா மரத்திலுமாகக் கட்டி, மழைத்தண்ணி தேங்கி, மாட்டு வயிறுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரமாக ஒழுகியது பெட்டியின் தலைமாட்டில் விழ, யாரோ ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்திருந்தார்கள். மாஸ்டர் போய்க் கம்பை அந்த வயிற்றுக்கு நடுவில் கொடுத்துத் தூக்கினார். தேங்கிய தண்ணியெல்லாம் மடமடவென்று மறுபக்கம் கொட்டியது. கீழே சீமெந்துத் தரை. கம்பை நட வழியில்லை. அதனால் பிடித்துக்கொண்டே நின்றார்.

சிவஞானத்தின் மனைவி இராக்கம்மா தலைவிரி கோலமாக எழுந்து வந்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அண்ணே?”

“அவன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன் தங்கச்சி.”

“அவரும் அதைத்தானே சொன்னாரு! போன எடுத்துக் குடுங்க, நான் பேசுறேன்னு எத்தனை வாட்டி கேட்டேன். ‘இருடி, மொதல்ல ஆதம்ஸ்தான் எழுதணும். அவன் எழுதுவான்’னாரு. போன எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டேதான் கெடந்தாரு.”

மாஸ்டருக்குப் புரியவில்லை. “ஆதம்ஸ் அவன்தானே?”

“அவரு எப்புடிண்ணே ஆதம்ஸு? நீங்கதானே சொல்லியிருக்கீங்க, ஜெபர்சன் மலை மேல வீடு கட்டி, தோட்டம் போட்டுக்கிட்டு இருந்தாருன்னு. நாங்கதானே மலை மேல இருக்கோம். இந்தா லீக்ஸு, கரட்டு எல்லாம் போட்டிருக்காரு.” அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு சிரிப்பு வந்து உடைந்தது. “ஆதம்ஸு குட்டையா, வழுக்கையும் தொப்பையுமா இருப்பாராமே. ‘வேற யாருடி, நம்ம ஜெஸ்டினேதான்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

மாஸ்டர் வாயைத் திறந்தார். மழைத்தண்ணி வழுக்கையில் வழிந்து வாய்க்குள் போனது.

“நேத்து சாயங்காலம்கூடக் கேட்டாரு அண்ணே, கீழ்க்கணக்குல உங்க வீட்டு லைட்டு எரியுதான்னு. எரியுதுன்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டாரு.”

சாகிற நேரத்தில் ஆதம்ஸ், ஜெபர்சன் இன்னும் இருக்கிறார் என்று சொன்னதாகச் சொல்வார்கள். பாவம், ஜெபர்சன் அதற்குச் சில மணி நேரம் முன்பே போய்விட்டிருந்தார். டியூஷன் வகுப்பில் இந்த இடம் வந்ததும் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தி, பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். நல்ல இடம் அது. யாராவது ஒரு பிள்ளையாவது அழும்.

மைக்கில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். “அடுத்ததாக, மணிச் சங்கத்தின் சார்பில், முன்னாள் பிரதேச சபை உறுப்பினர், மதிப்பிற்குரிய ஜெஸ்டின் மாஸ்டர் அவர்கள் அனுதாப உரை ஆற்றுவார்கள்.” மாற்றுக் கட்சித் தலைவருக்கென்று முன்வரிசையில் துணி விரித்த ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். மரியாதையில் குறை வைக்கவில்லை.

மாஸ்டர் அசையவில்லை. தார்ப்பாயில் மறுபடியும் தண்ணி தேங்கிக் கனக்கத் தொடங்கியிருந்தது. கையை எடுத்தால் அவ்வளவும் சிவஞானத்தின் முகத்தில் கொட்டும்.

“மாஸ்டர் அவர்களை அன்புடன் அழைக்கிறோம்” என்றது மைக்.

அவர் கம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.