பல் பிடுங்கியவரின் கண்ணீர்

வலியெடுத்த சொத்தைப் பல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் சிவனே என்று இருந்த நல்ல பல்லைப் பிடுங்கிய டாக்டர்மீது பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தேன். விசாரித்த மூவரும் பல் டாக்டர்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்று நம்பித்தான் போனேன்.

என் வாயை எவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பை உணர்ந்துட்டீங்களா, டாக்டர்?" என்று பூப்போலக் கேட்டார் தலைவர்.

டாக்டருக்குக் கண்ணீர் பொங்கியது. மூவரும் உருகிப்போனார்கள். மனப்பூர்வமாக வருந்திவிட்டாராம், தொழில் செய்யத் தகுதியானவராம். விசாரணை முடிந்தது.

"பாவம்மா, எப்படி அழறாரு பாருங்க" என்று தலைவர் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

பார்த்தேன். நீர் வழிந்தது வலது கண்ணில். மகராசன் துடைத்துக்கொண்டிருந்தது, காய்ந்து கிடந்த இடது கண்ணை.