படிவத்தில் இல்லாத கட்டம்

கம்பெனிக்காரர்கள் சுவரில் போட்டுக் காட்டிய படத்தில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் வெர்னா நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், பனிக்கடலோரத்தில் திமிங்கல வேட்டையை நம்பி வாழும் அந்த ஊரே உட்கார்ந்திருந்தது. வெளியே மார்ச் மாத வெயில், அதையும் மீறி எலும்பைக் குடையும் குளிர். கம்பெனிக்காரர்கள் கேக்கும் காப்பியும் கொண்டுவந்திருந்தார்கள். வருகிற செப்டம்பரில், வேட்டைக் காலத்திலேயே, கரையை ஒட்டிக் கப்பல் நிறுத்தி, கடலுக்கடியில் வெடிச்சத்தம் எழுப்பி எண்ணெய் தேட அவர்களுக்கு அனுமதி வேண்டும். இரண்டு தரப்பும் சொல்வதை அரசாங்க அதிகாரி இன்றைக்கே கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்.

"மூணு வருஷமா உங்க படகுங்க நாப்பது மைல் தள்ளிப் போய்த்தான் திமிங்கலம் பிடிக்குது," என்றான் கம்பெனிக்காரன் பிரெண்டன். "கரையோரத்துல ஒண்ணுகூட இல்ல. அப்ப நாங்க அங்க நின்னா யாருக்கு நஷ்டம்? இது நாங்க சொல்றது இல்ல, உங்க ஆளே எழுதினது."

எழுதினது வெர்னாதான். வேட்டைக் காலத்தில் வானொலி அறையில் உட்காருவது அவள். படகுகள் இரண்டு மணிக்கொரு தரம் இருக்கும் இடத்தைச் சொல்லும். கம்பெனி கொடுத்த படிவத்தில் அவள் குறிப்பாள். படகுகள் இருக்கும் இடத்தை விட்டு எங்கள் கப்பல்கள் விலகிப் போகத்தான் கேட்கிறோம் என்று தேன் ஒழுகச் சொல்லி வாங்கிப்போனார்கள். அந்த ஊரில் எதில் பொய் சொன்னாலும் வானொலியில் சொல்லமாட்டார்கள். இடத்தை மாற்றிச் சொன்னால், காப்பாற்றப் போகிறவர்களுக்கு அகப்படாமல் ஆள் பனிக்கடலோடு போய்விடுவான்.

திமிங்கலம் ஏன் தள்ளிப்போனது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகில் தம்ளர் உருண்டாலே திசை மாறுகிற பிராணி அது. அது வரும் வழியில், கிழக்கே, இந்தக் கம்பெனிக்காரர்கள் மூன்று வருடம் வெடித்த வெடிக்குப் பிறகு கரைப் பக்கம் எட்டிப் பார்க்குமா?

பக்கத்தில் படகுத் தலைவனான அவள் அண்ணன் லாய்ட் பல்லைக் கடித்தான். "முத்து முத்தா எழுதிக் குடுத்திருக்கியேடி. போன வருஷம் என் கொடிய நானே இறக்கினேனே, அதையும் எழுதினியா?"

"வாய மூடுண்ணே."

திமிங்கலம் பிடித்த படகுத் தலைவன் தன் வீட்டில் கொடி ஏற்றுவான்; அதில் வீட்டுக்கு வீடு பங்கு போகவேண்டும், கொடுக்க முடியாவிட்டால் கொடியை இறக்கவேண்டும். போன வருடம் லாய்ட் பிடித்ததை நாற்பது மைல் இழுத்து வருவதற்குள் அதன் உடம்பின் உள்சூட்டிலேயே இறைச்சி கெட்டுப்போனது. அழுதுகொண்டே கரடிகளுக்குக் கொட்டினார்கள். ஒரு துண்டை மட்டும் வெர்னா பையில் கட்டிக் கொட்டகையில் உறையவிட்டிருந்தாள். தூக்கிப்போட மனசு வராத அளவுக்குக் கோபம்.

இப்போது எழுந்து வீட்டுக்குப் போய் அந்தப் பையை எடுத்துவந்தாள். முன்வரிசையில், கூடத்தின் வெப்பக் குழாய்மேல் இளக வைத்தாள். பிரெண்டனின் பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. பாதியிலேயே அவன் மூக்கைத் தேய்க்க ஆரம்பித்தான்.

ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்னா மைக்கைப் பிடித்தாள்.

"அது என் எழுத்துதான். உங்க படிவத்துல மணி கேட்டீங்க, இடம் கேட்டீங்க, படகு பேரு கேட்டீங்க. ஏன் அங்க போனீங்கன்னு கேக்க ஒரு கட்டம் போட்டீங்களா? நம்பி எழுதினேன். என் நெஜத்த எடுத்து என் ஊரு கழுத்துலயே சுருக்குப் போடுறீங்க. வெக்கமா இல்ல?"

"நேரம் முடிஞ்சுதும்மா," என்றார் அதிகாரி. மைக் நின்றது.

"மைக்க அணைச்சிட்டீங்க. இத அணைங்க பாப்போம்." பையைக் கொண்டுபோய் அவர் மேஜையில் அவிழ்த்தாள்.

நாற்றம் கூடத்தை நிறைத்தது. பிரெண்டன் கைக்குட்டையோடு கதவுக்கு ஓடினான். அங்கே லாய்ட் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான்.

"வெளிய குளிரு சார். கேக்கு மிச்சம் இருக்கு, உக்காருங்க."

ஊர்க்காரர் ஒருவர்கூட அசையவில்லை. அதிகாரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பேனாவை எடுத்து, வெர்னா எழுதிய படிவத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார்.

"இத எந்தக் கட்டத்துலம்மா எழுதுறது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றாள் வெர்னா.