இன்று மிச்சமான தண்ணீர்

என் தங்கை வீட்டுக்காரருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'நெறிமுறை'. முகத்துக்கு நேரே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

ஒன்றரை வருஷம் முன்பு வரை அவர் சாதாரண மனுஷர்தான். காப்பீட்டு ஆபீசில் குமாஸ்தா. வருவார், சாப்பிடுவார், டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதி இலவசம் என்றதும் ஏதோ ஹோட்டல் ஹாலில் நடந்த கூட்டத்துக்குப் போனார். காதோரம் மைக் மாட்டிய ஒருத்தன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, பணமும் பெருக வேண்டும், பூமியும் நோகக் கூடாது, அதற்குப் பசுமைக் கட்டடத்தில் வீடு வாங்கிப் போடுவதுதான் வழி என்று மூன்று மணி நேரம் பேசினானாம். திரும்பி வந்தவர் கையில் ஒரு துணிப்பை, வாயில் ஒரே பேச்சு.

"சம்பாதிக்கிறதுல ஒரு நெறிமுறை வேணும் மச்சான்."

அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. பைக்கை விற்றுவிட்டு ஆபீசுக்கு நடந்தே போகிறார். குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார். ஒரு தடவை என் வீட்டில் தங்கியபோது, நான் பல் விளக்கும்போது குழாயைத் திறந்துவிட்டிருந்தேன் என்று எனக்குப் பாடம் எடுத்தார். முப்பது வருஷமாக பிளம்பர் வேலை பார்க்கிறவன் நான். எனக்குக் குழாயை மூடச் சொல்லித் தருகிறாராம், அடேங்கப்பா! வேஷம் போடுகிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தங்கை அந்த ரகம் இல்லை. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைக்கிறாள். வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியைக்கூட மடித்துக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். இந்த உலகத்தில் நான் திட்டாத ஒரே ஆள் அவள்தான் என்று என் பெண்டாட்டியே சொல்வாள்.

அவள் தைத்துத் தைத்துக் கட்டிய வீடு அது. பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது. அதை விற்று, புதிதாக எழும்பியிருக்கும் பசுமை அடுக்குமாடியில் இரண்டு ஃப்ளாட் வாங்குவது என்று நெறிமுறை தீர்மானம் பண்ணியிருந்தார். திங்கட்கிழமை கையெழுத்து. போட்டுவிட்டால் அவளுக்கென்று இருந்த ஒரே வீடு போய்விடும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கட்டடத்துக் குழாய் வேலை முழுக்க என்னுடையது. உள்ளே ஓடுவது என்ன, ஓடாதது என்ன என்று எனக்குத் தெரியும்.

குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் அடித்தளத்துக்கு வந்து, சுத்தமாகி, திரும்ப மேலே ஏறி கக்கூஸ் தொட்டிகளுக்குப் போகும் என்பதுதான் அந்தக் கட்டடத்தின் பெருமை. அதற்காகவே சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழ்க்காரர்கள் பார்க்க வந்த வாரம் சுத்திகரிப்பு மெஷின் லாரியில் வந்து இறங்கியது. அடுத்த வாரம் அதே லாரியில் ஏறி வேறு எங்கோ போய்விட்டது. இஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க வர்றவங்க அடித்தளத்தைப் பார்க்கணும்னு சொல்வாங்க. தண்ணி ஓடணும், மீட்டர் ஏறணும். எப்படியாவது பண்ணு."

பண்ணினேன். ஒரு தொட்டி, ஒரு மோட்டார், குழாயை வளைக்க நாலு எல்போ, அரை நாள் வேலை. தொட்டியிலிருந்து கிளம்பும் தண்ணீர், எல்லோரும் பார்க்க வசதியாக ஒரு கண்ணாடிக் குழாய் வழியே போய், மீட்டரைத் தாண்டி, மறுபடி அதே தொட்டியில் விழும். அதே தண்ணீர்தான் காலையிலிருந்து ராத்திரி வரை சுற்றிச் சுற்றி வருகிறது. 'இன்று மிச்சமான தண்ணீர்' என்று மேலே ஒரு பலகையில் லிட்டர் கணக்கு பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படித்தவர்கள், கோட்டு போட்டவர்கள் எல்லாம் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். குளித்த தண்ணீரோ நேராகச் சாக்கடைக்குப் போகிறது. அதற்கும் குழாய் போட்டவன் நான்தான்.

தங்கையிடம் முன்பே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டாவது கட்டடம் எழும்பப் போகிறது, அந்த வேலையும் உனக்குத்தான் என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் வேலை போனாலும் போகட்டும், அவள் வீட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக இருவரும் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். நெறிமுறை மூன்றாவது மாடி பால்கனியில் பூந்தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, நான் தங்கையைத் தனியாக அடித்தளத்துக்குக் கூட்டிப்போனேன்.

"இங்க என்னண்ணே?"

"பேசாம பாரு."

கசிவு கண்டுபிடிப்பதற்காக என் பையில் எப்போதும் சொட்டு நீலம் இருக்கும், துணிக்குப் போடுகிற அதே நீலம்தான். பாட்டிலைத் திறந்து முழுசாகத் தொட்டியில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் குழாயில் நீலம் வந்தது. வந்து, மீட்டரைத் தாண்டி, தொட்டியில் விழுந்து, மறுபடியும் வந்தது. பலகையில் லிட்டர் ஏறிக்கொண்டே இருந்தது.

பக்கத்திலேயே காவலாளிகளுக்கான கக்கூஸ். அதன் தொட்டி மேல் 'மறுசுழற்சி நீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

"போய் ஃப்ளஷ் பண்ணு. நீலமா வருதான்னு பாரு."

மூன்று தடவை அழுத்தினாள். மூன்று தடவையும் வெள்ளையாக, குடிக்கிற தண்ணீர் கொட்டியது.

அவள் கெட்டிக்காரி. நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை. திரும்பி வந்து கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இஞ்சினியருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப உனக்கு. இரு, மேல போய் உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டு வந்துடறேன். அவர் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்."

படியேறத் திரும்பினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்ணே. சொன்னா அவர் கையெழுத்து போட மாட்டார்."

"போடக் கூடாதுன்னுதானே நான் கத்தறேன்!"

"மெதுவா பேசு. அவர் இதையெல்லாம் நிஜமாவே நம்பறார். நீ அவரை வேஷக்காரர்னு நினைச்சுட்டு இருக்க, எனக்குத் தெரியும். ராத்திரி எழுந்து எந்தக் குழாயாவது சொட்டுதான்னு பார்த்துட்டுப் படுக்கிற மனுஷன் அவர். இது பொய்னு தெரிஞ்சா, சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்."

"அப்போ நீ?"

"எனக்கு முதல்லயே சந்தேகம்தான். அதனால நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். போன மாசம் வாங்கினவங்க இந்த மாசமே லாபத்துக்கு வித்திருக்காங்க. வாசல்ல அந்தச் சான்றிதழ் தொங்கற வரைக்கும் விலை ஏறும். ரெண்டு வருஷம் வெச்சிருந்து வித்துட்டு, தையல் மெஷினைத் தூக்கிப் போட்டுடுவேன்."

"வாங்கறவன் கதி?"

"அவனும் வேற ஒருத்தனுக்கு விப்பான்."

"உனக்குப் பாவமா தெரியலையா?"

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷம் குனிஞ்சு தைச்சேன். இப்ப கழுத்து ஒரு பக்கம் திரும்ப மாட்டேங்குது. அதுக்கு யாரும் பாவம்னு சொல்லல. ஏன், இந்தக் குழாயைப் போடச் சொன்னப்போ, பாவம், முடியாதுன்னு நீ வந்துட்டியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். துணிக்கு அளவு கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். இத்தனை நாள் நான் யார் மேல் காறித் துப்பிக்கொண்டிருந்தேன் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அதற்குள் நெறிமுறையே படியிறங்கி வந்துவிட்டார். லிப்ட் இருந்தும் மூன்று மாடியும் நடந்தே வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. நேராகப் பலகைக்குப் போய் எண்ணைப் படித்தார்.

"பார்த்தியா மச்சான், பொழுது விடிஞ்சு கொஞ்ச நேரத்துல எவ்வளவு தண்ணி மிச்சம்!" அப்புறம் கண்ணாடிக் குழாயைக் குனிந்து பார்த்தார். "ஆமா, தண்ணி ஏன் நீலமா இருக்கு?"

தங்கை என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்தவள் மாதிரி பார்த்தாள்.

"சுத்தம் பண்ற மருந்து மாப்ளே," என்றேன்.

அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. "செடிக்கு ஊத்தினா செடிக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்பாடா," என்றார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் உன் வேலைன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன் மச்சான். உன்னை நினைச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தெரிந்த ஆள் ஒருவர் சாட்சிக்கு வேண்டும் என்று பத்திர எழுத்தர் சொன்னபோது, நெறிமுறை சற்றும் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னார். நான் போட்டேன்.