பாலத்தைக் கடைசியாகத் தூக்கிய காலை

கடலூர் முதுநகரை அடுத்த உப்பங்கழியின் மேல் நின்ற அந்த ரயில் தூக்குப்பாலம் துருவேறிப் போயிருந்தாலும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. தூக்கச் சொன்னால் முனகும், பாதியில் நின்று அடம்பிடிக்கும். பொறுத்துப் பார்த்த ரயில்வேக்காரர்கள் பக்கத்திலேயே அசையாத புதுப் பாலம் கட்டிவிட்டார்கள். படகுகள் நுழைந்து போகும் நடுக்கண்ணுக்கு மட்டும் இன்னும் இரும்புக் கர்டர் வைக்கவில்லை. வியாழக்கிழமை காலை பழையதைக் கடைசியாகத் தூக்குவோம், உள்ளே நிற்கும் படகெல்லாம் வெளியே போய்விட வேண்டும், மத்தியானம் நடுக்கண்ணை மூடிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அமராவதியின் புருஷன் சக்கரபாணியும் அவன் அண்ணன் சபாபதியும் சேர்ந்து கட்டிய புதுப் படகு உள்பக்கக் கரையில்தான் இருந்தது. அதன் மேல்கூண்டு புதுப் பாலத்தின் அடியில் நுழையாது. அன்று போகாவிட்டால் கழிக்குள்ளேயே கிடந்து மட்க வேண்டியதுதான். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சபாபதி, பாலம் ஏறும்போது ஊதும் சங்கைப் போனில் கேட்க வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருந்தார். துணைக்கு அவர் மகள் வித்யா மட்டும். தாயில்லாத பெண்.

வியாழக்கிழமை காலை படகுப் பூசைக்கு எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தபோது அமராவதிக்குப் போன் வந்தது.

"சின்னம்மா, அப்பா போயிட்டாரு."

அவளுக்குக் கூடப்பிறந்தவனைப் போல இருந்த மனிதர். வாய்விட்டு அழவும் வழியில்லை. சாவுச் செய்தி காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து தீட்டு. காரியம் முடியும்வரை பங்காளி வீட்டுப் படகு தண்ணீரில் இறங்கக்கூடாது. மற்றதில் எப்படியோ, இதில் சாமியே வந்து சொன்னாலும் சக்கரபாணி கேட்க மாட்டான். ஆனால் காதில் விழாதவனுக்குத் தீட்டில்லை.

"சித்தப்பாகிட்ட இப்ப சொல்லாத கண்ணு. பாலம் தாண்டட்டும். போன் பண்ணா எடுத்துப் பேசு."

"சரி சின்னம்மா" என்றாள் வித்யா.

கேட்டுவிட்டவள் படகைத் தொடலாமா? தலை சுற்றுகிறது என்று ஆரத்தித் தட்டைப் பக்கத்து வீட்டுக் குப்புவிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். படகைப் பார்த்தே மயங்கிவிட்டாள் என்று சக்கரபாணி கேலி செய்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

சங்கு ஊதியது. பழைய பாலம் ஒரு முரண்டும் பண்ணாமல் ஏறியது. சக்கரபாணி படகின் முனையில் நின்று போனை உயரத் தூக்கிப் பிடித்தான்.

படகு பாலம் தாண்டி ஒதுங்கிய வெளிக்கரையில் அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தான்.

"அண்ணன் கேட்டாருடி. பேச முடியலயாம். காதுல வச்சிருக்கேன், கேட்டுக்கிட்டே இருக்காருன்னு வித்யா சொன்னிச்சி."

இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டான். பூசைக்கு முன்பே என்றாள். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் பாலம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் புள்ள, பொணத்தோட காதுலயா போன வச்சிக்கிட்டு இருந்துச்சி?"

அமராவதி படகை நினைத்தாள், புருஷனை நினைத்தாள், செத்துப்போனவரின் ஆசையைக்கூட நினைத்தாள். பெற்றவனைப் பறிகொடுத்துத் தனியாக நின்ற பெண்ணை அந்தக் காலையில் அவள் நினைக்கவே இல்லை. சிதம்பரம் பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே போனாள்.