பதினொரு மணிக்குள்

என் மருமகள் ஜிக்ஞாஷா எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. இந்த எட்டு வருஷத்தில் அவளும் நானும் நேருக்கு நேர் பேசியதில்லை. மனக்கசப்பு ஏதும் இல்லை. எங்கள் ஊரான தர்மஜில் எங்கள் குடும்பத்து வழக்கம் அது. மருமகள், எங்கள் பேச்சில் வஹு, மாமனார் முன்னால் முக்காடு இட்டு நிற்பாள், குரல் கொடுக்கமாட்டாள். சொல்ல வேண்டியதை என் மனைவி காந்தாவிடம் சொல்வாள், காந்தா என்னிடம் சொல்வாள். தெருவில் பாதி வீடுகள் இதை விட்டுவிட்டன. நான் விடவில்லை. அதற்காக யாரிடமும் சமாதானம் சொல்லப் போவதும் இல்லை.

ஆனால் மூன்று மாதமாக அவளை ஆனந்தில் இருக்கும் கருத்தரிப்பு மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போய் வருபவன் நான்தான். என் மகன் தேஜஸ் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். காந்தாவுக்கு முழங்கால் வலி, பேரன் தியேயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஜிக்ஞாஷா பின் இருக்கையில் உட்காருவாள். குளிர்ந்தால் அவள் காந்தாவுக்கு போன் செய்வாள். அடுத்த நிமிஷம் காந்தா என்னை அழைப்பாள். "வஹுவுக்குக் குளிருதாம். ஏசியக் கொஞ்சம் குறைங்க." ஒரு தடவை பேட்லாட் தாண்டியதும் வாந்தி வருகிறது, காரை நிறுத்துங்கள் என்று தர்மஜிலிருந்து போன் வந்தது. அதற்குள் வாந்தி வந்துவிட்டிருந்தது. மாத்திரைகளின் வேலை அது. நான் காரை ஓரம் கட்டி, தண்ணீர்ப் பாட்டிலைப் பின்னால் நீட்டிவிட்டு, வண்டியை விட்டு இறங்கி வயலைப் பார்த்து நின்றேன்.

இத்தனையும் என் மகள் நிராலிக்காக. அவளை வசோவில் சிமன்பாய் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். இரண்டு வருஷம் முன்னால் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. ரத்தம் நிற்காததால் அவள் உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுடைய முட்டையும் மாப்பிள்ளை மிருகேஷுடைய உயிரணுவும் சேர்ந்த கரு இரண்டு, மருத்துவமனையில் உறைய வைத்திருக்கிறது. சுமக்கத்தான் ஆள் வேண்டும். காசுக்குச் சுமக்க இப்போது சட்டம் விடுவதில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவளாக, முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவளாக, மனம் ஒப்பி வருகிறவளாக வேண்டும். அவளும் ஆயுளில் ஒரு முறைதான் சுமக்கலாம்.

போன தை மாதம் நடியாதில் உறவுக் கல்யாணம். பந்தியில் சிமன்பாயின் அக்கா சாரதாபென், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"மிருகேஷுக்கு இன்னும் வயசு இருக்கு. வேற பொண்ணு பாக்கறதுல என்ன தப்புங்கறேன். அவளையும் வெச்சுக்கட்டும், யார் வேணாங்கறா?"

நிராலி மூன்று தட்டு தள்ளி ஸ்ரீகண்ட் இனிப்பைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

"சாரதாபென், வேற பொண்ணு பாக்க வேண்டாம். என் வீட்டு மருமக என் மக பிள்ளையச் சுமப்பா. நான் வாக்குக் குடுக்கறேன்."

சிமன்பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் காந்தாவிடம் சொன்னேன். அவள் ஜிக்ஞாஷா இருந்த சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"சரின்னுட்டா" என்றாள்.

பிறகு மருத்துவக் குழுவின் சான்று, மாஜிஸ்திரேட் உத்தரவு, காப்பீட்டுத் தாள்கள். எல்லாவற்றுக்கும் ஜிக்ஞாஷா முக்காட்டோடு வந்து கையெழுத்துப் போட்டாள். டாக்டர் ஷேலத் என்கிற அம்மாள்தான் சிகிச்சை செய்கிறவர். குள்ளமானவர், என்னைப் பார்த்து எழுந்திருக்காதவர். ஒவ்வொரு முறையும் என்னை வெளியே அனுப்பிவிட்டு ஜிக்ஞாஷாவோடு தனியாகப் பேசுவார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டுப் பெண்ணிடம் எனக்குத் தெரியாமல் பேச என்ன இருக்கிறது?

கருவை உள்ளே வைக்கும் நாள் வியாழக்கிழமை. சிமன்பாய், மிருகேஷ், நிராலி மூவரும் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். சிமன்பாய் பேடா டப்பா வேறு கொண்டுவந்திருந்தார்.

"இப்பவே எதுக்கு சிமன்பாய்?" என்றேன்.

"உங்க வாக்கு இருக்கும்போது எனக்கென்ன சந்தேகம்? பிள்ளை பொறந்தா பெரிய டப்பா."

சிகிச்சைக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். நர்ஸ் அரை மணி நேரத்துக்குள் ஜிக்ஞாஷாவை ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தாள். நிராலி பக்கத்தில் உட்கார்ந்து தன் அண்ணிக்குத் தம்ளரை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள்.

"குடிங்க பாபி. இதுதான் கடைசி."

"போன தம்ளரையும் இதே சொல்லித்தான் குடுத்தே" என்று ஜிக்ஞாஷா முக்காட்டுக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள். நிராலி சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பத்தரைக்கு ஜிக்ஞாஷாவை உள்ளே அழைத்தார்கள். பத்து நிமிஷம் கழித்து நர்ஸ் வந்து என்னை மட்டும் கூப்பிட்டாள். சிமன்பாய் புருவத்தை உயர்த்தினார். நான் எழுந்து போனேன்.

டாக்டர் ஷேலத் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். கையில் கோப்பு.

"உக்காருங்க ராவ்ஜிபாய்."

"நிக்கறேன். சொல்லுங்க."

"சம்மதமான்னு உங்க மருமககிட்ட இன்னைக்கும் கேட்டேன். 'பாபுஜி சொன்னா சரி'ங்கறா. முதல் தடவையும் இதே பதில்தான். ஸ்கேன் எடுத்த அன்னைக்கும் இதேதான். மூணு தடவையும் எழுதி வெச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன? நான்தான் சொல்லியாச்சே."

"வைக்கப் போறது உங்க வயித்துல இல்ல."

யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எனக்குக் கழுத்து சூடானது. அவர் அதைக் கவனித்தது போலவே தெரியவில்லை.

"கருவை உள்ள வைக்கற நிமிஷம் வரைக்கும் அவ வேணாம்னு சொல்லலாம். சட்டம் அது. பதினொரு மணிக்கு நாங்க கருவை வெளிய எடுத்து உருக வைக்கணும். எடுத்துட்டுத் திரும்ப உறைய வெச்சா அது பிழைக்குமான்னு நான் உறுதி சொல்ல முடியாது. இருக்கறதே ரெண்டு. அவ வாயால ஆமான்னோ இல்லன்னோ எனக்கு வேணும். அவ வாயத் தொறக்காததுக்கு நீங்கதான் காரணம்னு தோணுது. அதனால நீங்களே கேளுங்க."

"எங்க வீட்டுல நான் அவகிட்ட..."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்தைந்து. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சிமன்பாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம், டாக்டர் வேறு நாள் வரச் சொல்லிவிட்டார் என்று அவரிடம் சொல்லலாம் என ஒரு கணம் தோன்றியது. அப்படி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஜிக்ஞாஷா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நீல மருத்துவமனை அங்கி, தலையில் காகிதத் தொப்பி. புடவையை வாங்கி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. என்னைக் கண்டதும் கால்மாட்டில் இருந்த வெள்ளைப் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். போர்வை முகம் முழுவதையும் மூடியது. நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கீழே ஆட்டோக்கள் நின்றிருந்தன.

"வஹு" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "டாக்டரம்மா உன்னைக் கேக்கச் சொன்னாங்க. உனக்கு இதுல சம்மதமா?"

சன்னலைப் பார்த்தபடியே மேலும் சொன்னேன்.

"காந்தாகிட்ட சரின்னு சொன்னியே."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. நான் நினைத்ததைவிடக் கனமான குரல். "சொல்லல பாபுஜி."

"என்ன?"

"அத்தைகிட்ட நான் சரின்னு சொல்லல. முடியாதுன்னேன். பாபுஜிகிட்ட சொல்லுங்கன்னேன். அவர் சபையில சொல்லிட்டார், இனி நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்னு அத்தை அழுதாங்க. அதுக்கப்புறம் நான் பேசல."

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தேஜஸ்கிட்ட?"

"சொன்னேன். அப்பா வாக்குக் குடுத்துட்டார், நான் என்ன பண்றதுன்னார்."

"முடியாதுன்னா ஏன்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனாரிடம் சொல்லக்கூடிய விஷயமா அது என்று அவள் யோசித்திருப்பாள்.

"தியேய் ஆபரேஷன்ல பொறந்தான். இதுவும் ஆபரேஷன்தான். மூணாவது தடவை கத்தி வைக்கறது ஆபத்துன்னு இந்த டாக்டரே சொல்றாங்க. போன வருஷம் ஒண்ணு மூணு மாசத்துல கலைஞ்சு போச்சு. அத்தைக்குத் தெரியும். இந்த வருஷம் அவர் லீவுல வரும்போது..." நிறுத்தினாள். "எனக்கு இன்னொரு பிள்ளை வேணும் பாபுஜி. எனக்கு. நிராலி மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு ரத்தம் வேணும்னா குடுக்கறேன். இது முடியாது."

"இத்தனை நாள் ஊசி போட்டுக்கிட்டே."

"நீங்க ஒரு தடவை கேப்பீங்கன்னு பாத்தேன்."

கடிகாரம் பத்து ஐம்பத்து மூன்று. அவள் கட்டிலிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"பாபுஜி, கோச்சுக்காதீங்க. எனக்கு ரொம்ப அவசரம். அந்தத் தண்ணி..."

போர்வை கீழே விழுந்தது. தொப்பியோடும் அங்கியோடும் முக்காடில்லாமல் அவள் என்னைத் தாண்டிக் கழிப்பறைக்கு ஓடினாள். எட்டு வருஷத்தில் நான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். தேஜஸின் கல்யாணப் படத்தில் பார்த்த பெண்ணைவிட வயதானவளாக இருந்தாள்.

வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன். "வேண்டாங்கறா. எடுக்க வேண்டாம்."

"அவளே சொன்னாளா?"

"அவளே சொன்னா. போய்க் கேட்டுக்குங்க. இப்ப உங்ககிட்டயும் சொல்லுவா."

அவர் உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில் வந்தார். ஆய்வகப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். கருக்களை உறைய வைத்திருந்த பெட்டி திறக்கப்படவில்லை.

பிறகு நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். இதைச் சிமன்பாயைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். சபையில் கொடுத்ததைத் தனியாகத் திருப்பி வாங்குவது சரியில்லை என்று பட்டது. மூவர் முன்னாலும் சொன்னேன்.

"சிமன்பாய், ஜிக்ஞாஷா சுமக்க மாட்டா. அவளைக் கேக்காம நான் வாக்குக் குடுத்துட்டேன். அவ உடம்பு மேல வாக்குக் குடுக்க எனக்குப் பாத்தியதை இல்ல. தப்பு என்னோடது."

சிமன்பாய் டப்பாவைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். மெதுவாக வைத்தார்.

"தர்மஜ்காரர் வாக்கு நாலு மாசம்தான் நிக்கும்னு தெரியாமப் போச்சே."

"தெரிஞ்சுக்கிட்டீங்க."

"ஒரு மருமகளைச் சொன்னபடி கேக்க வைக்க முடியல. நீங்க நடியாதில எழுந்து நின்ன அழகு இருக்கே ராவ்ஜிபாய், எங்க அக்கா இன்னும் சொல்லிக்கிட்டிருக்கா."

"அடுத்த மாசம் சோஜித்ராவில நம்ம சமூகக் கூட்டம் இருக்கு. அங்க எழுந்து இதையும் சொல்றேன். உங்க அக்காவை முன் வரிசையில உக்கார வைங்க."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஆனா ஒண்ணு. என் மகளை வேண்டாம்னு உங்க வீட்டுல யாராவது சொன்னா, அதையும் அதே கூட்டத்துல சொல்லட்டும். பந்தியில முணுமுணுக்க வேண்டாம்."

மிருகேஷ் இதுவரை வாயைத் திறக்கவில்லை. "அப்படி யாரும் சொல்லல பாபுஜி" என்றான், தன் அப்பாவைப் பார்க்காமல். அதை அவன் நடியாதில் சொல்லியிருந்தால் நான் எழுந்தே இருக்கமாட்டேன். சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

நிராலி என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அவளை நெருங்கினேன். ஒரு அடி பின்னால் போனாள்.

"அன்னைக்கு நீங்க எழுந்து நின்னப்போ எனக்கு உயிர் வந்துச்சு பாபுஜி" என்றாள். "தம்ளர் தம்ளராத் தண்ணி குடுத்தேனே. பாபி உனக்குச் சம்மதமான்னு நானும் கேக்கல."

"நிராலி..."

"இப்ப எங்கிட்ட எதுவும் பேசாதீங்க."

சிமன்பாய் கூப்பிட்டதும் போய்க் காரில் ஏறினாள். மிருகேஷ் அவள் பக்கக் கதவைச் சாத்தினான். பேடா டப்பா நாற்காலியிலேயே இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடவில்லை.

ஜிக்ஞாஷா உடை மாற்றி வரும்வரை நடைவழியில் உட்கார்ந்து காந்தாவுக்கு போன் செய்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"வஹு முடியாதுன்னு சொன்னதை ஏன் எங்கிட்ட மறைச்சே?"

பின்னால் பேரன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள் காந்தா.

என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு எழுந்தேன்.